நாற்பத்தோரு பேருக்கு ஒரு முகம்

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் மஞ்சக்கரடு டவுனில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் வீட்டில் நகை களவு போனது, சாயங்காலம் டிராயிங் மாஸ்டர் ஒருவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அந்த அம்மா சொல்லச் சொல்லத் திருடன் படத்தை வரையவைத்தார்கள், மறுநாள் காலையில் எங்கள் முடிக்காரர் காலனியில் பதினெட்டு வயதுக்கு மேலே அறுபதுக்குக் கீழே இருந்த நாற்பத்தோரு ஆண்களும் அந்தப் படத்தில் இருந்த முகத்தோடு எழுந்தார்கள். யாரும் அலறவில்லை. நாய்கள் கொஞ்ச நேரம் குலைத்தன, பிறகு மோந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு படுத்துவிட்டன.

டீச்சரம்மா திருடனைப் பார்த்ததே முதுகுப் பக்கமாகத்தானாம். "வாராவாரம் முடி வாங்க வருவானுங்களே, அந்த ஆளுங்கதான். எல்லாவனும் ஒரே மாதிரிதானே இருப்பானுங்க" என்று சொல்லியிருக்கிறார். டிராயிங் மாஸ்டருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம், எங்கள் ஆட்களில் யாரையும் அவர் ஏறெடுத்துப் பார்த்ததும் கிடையாது, அதனால் மனதில் கிடந்த கள்ளன் ஒருவனை எடுத்துப் போட்டுவிட்டார். அகன்ற மூக்கு, தடித்த உதடு, வலது கன்னத்தில் தழும்பு, எந்நேரமும் எதையோ தேடுகிற சின்னக் கண். தலையில் ஒரு துண்டைக் கட்டிவிட்டு, அடியில் உயரம் ஐந்தடி ஆறங்குலம் என்று எழுதினார். எங்கள் குள்ளர்கள் விடியும்போது வளர்ந்திருந்தார்கள், நெட்டையர்களின் லுங்கி தரையைப் பெருக்கியது. கைரேகையும் நாற்பத்தோரு கைக்கும் ஒன்றாகப் போயிருந்தது. குரலை யாராலும் வரைய முடியாது என்பதால் குரல் தப்பியது, படத்தில் துண்டு கட்டியிருந்ததால் தலைமுடியும் தப்பியது.

முடி தப்பியதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் தொழிலே சிக்குமுடிதான். ஊர்ப் பெண்கள் தலைவாரும்போது சீப்பில் வருகிற முடியைச் சுருட்டிச் சன்னல் இடுக்கில் செருகி வைப்பார்களே, அதை எங்கள் ஆண்கள் தெருத்தெருவாகப் போய்ப் பாத்திரத்துக்கும் ஊசிபாசிக்கும் மாற்றி மூட்டையாகக் கொண்டுவருவார்கள், பெண்கள் நாங்கள் உட்கார்ந்து சிக்கெடுத்து வேரெல்லாம் ஒரு பக்கம் நுனியெல்லாம் ஒரு பக்கம் என்று கோத்துவைப்போம், அப்போதுதான் அது சவுரிக்கு ஆகும். எது வேர் எது நுனி என்று கண்ணுக்குத் தெரியாது. ஒற்றை முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் அது தானாக வேர்ப் பக்கம் நகரும், அந்த நகர்வை எங்கள் கை நடக்கப் பழகும்போதே பழகிவிடும். ஊரார் முடியையெல்லாம் விற்கிற நாங்கள் எங்கள் முடியை மட்டும் விற்கமாட்டோம். அவரவர் சீப்பில் வந்ததை அவரவர் பேரில் ஒரு துணிப்பொதியாகக் கட்டிக் கூரையில் செருகிவைப்போம், சாகும்போது கூடவே வைத்துப் புதைப்போம், அதுவரை அந்தப் பொதி அந்நியர் கைக்குப் போகக்கூடாது என்பது எங்கள் சாமி போட்ட கட்டு.

ஆகவே மூன்றாம் நாளே எங்களுக்குப் பழகிவிட்டது. புருஷன் வாசலில் வந்து நின்றால் துண்டை அவிழ்த்துத் தோள்வரை தொங்குகிற முடியில் கையை விட்டுப் பார்ப்போம், இன்னார்தான் என்று தெரிந்ததும் சோறு போடுவோம். குப்பம்மாள் ஒருநாள் தடவிப் பார்க்க மறந்து வேறு ஒருவரை அரைமணி நேரம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள், அவள் புருஷன் செய்த தப்பையே அந்த மனுஷனும் தன் வீட்டில் செய்திருந்ததால் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் கண்ணில் பட்டவரையெல்லாம் அப்பா என்று கூப்பிட்டு மிட்டாய் வாங்கித் தின்று பல்லைக் கெடுத்துக்கொண்டன. "எங்க வீட்டுக்காரரு மூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவலை" என்று நானே சொல்லியிருக்கிறேன். ஓட்டுப் போடப் போனபோது பூத்தில் இருந்தவர் அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அட்டையில் இருக்கிற படம் எப்போதுமே யார் மாதிரியும் இருக்காது என்று மை வைத்து அனுப்பிவிட்டார்.

செவந்திக்கு மட்டும் பழகவில்லை. அவள் புருஷன் மாரப்பனுக்கு இடது புருவம் பாதிதான் இருக்கும், சிரிப்பு வருவதற்கு முன்னாலேயே கண்ணோரம் சுருங்கிவிடும், அந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். தினமும் கண்ணை மூடிக்கொண்டு அவர் தலையில் கையை வைத்தபடி பேசுவாள்.

"எனக்கு உன் மூஞ்சியப் பாக்கணும்யா."

"மூஞ்சி போனாப் போவுது புள்ள. ஜீப்பு வராம இருக்குதில்ல" என்பார் மாரப்பன்.

ஜீப் வராமல் இருந்தது உண்மை. அதற்கு முன்னால் ஊரில் எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் அது நேராக எங்கள் காலனிக்குத்தான் வரும். குத்துவிளக்கு காணோம் என்றால் ஒரு ஆள், வண்டி காணோம் என்றால் இரண்டு ஆள். குத்துவிளக்கு அந்த வீட்டுப் பரணிலேயே கிடைத்துவிட்டாலும் எங்கள் ஆள் உடனே திரும்பமாட்டார், திரும்பும்போது உள்ளங்காலை ஊன்றமாட்டார். இந்த முறையும் வந்தார்கள், நாற்பத்தோரு பேரையும் அள்ளிக்கொண்டு போனார்கள், அடையாள அணிவகுப்பு என்று மாஜிஸ்திரேட் முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். டீச்சரம்மா முதல் ஆளைப் பார்த்ததும் இவன்தான் என்றார், இரண்டாவது ஆளைப் பார்த்து இவனும்தான் என்றார், ஏழாவது ஆளிடம் வந்தபோது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஒருவர் செய்த களவுக்கு நாற்பத்தோரு பேரை உள்ளே போடச் சட்டத்தில் இடமில்லை என்று மாஜிஸ்திரேட் எல்லோரையும் அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்க எங்கள் ஆண்கள் ஊரில் தலை நிமிர்ந்து நடந்தார்கள், யாரைப் பிடித்தாலும் யார் என்று சொல்ல முடியாது, சொல்ல முடியாதவனை அடித்து என்ன பிரயோஜனம்.

அந்த வயதிலிருந்த எங்கள் ஆண்களில் இளவரசு ஒருவனுக்குத்தான் முகம் மாறவில்லை. செவந்தியின் தம்பி. அன்றைக்கு அவன் காலனியில் இல்லை, போலீஸ் குவார்ட்டர்ஸில் படுத்திருந்தான். எங்கள் காலனியிலிருந்து காக்கிச் சட்டை போட்ட முதல் பிள்ளை அவன், அவன் செலக்ஷனுக்கு ஓடிப் பழகியபோது பின்னாலேயே தண்ணீர்ச் செம்போடு ஓடியவள் செவந்தி. தாயில்லாத பிள்ளை என்று அவளும் நாங்களும் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டி வளர்த்தோம். அக்காள் மடியில் உட்கார்ந்து முடி உருட்டியே அவன் ஐந்து வயதில் எங்களில் பாதிப் பேரைவிட வேகமாகக் கோப்பான்.

அந்த ஒரு வருஷம் கழிந்து வந்த சித்திரையில் அவன் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தான். ஆண்கள் எல்லோரும் எல்லை தாண்டிக் கன்னட ஊர்களுக்கு முடி வாங்கப் போயிருந்த மாதம் அது.

"அக்கா, ஸ்டேஷன்ல நம்ம ஆளுங்களுக்கு ஒரு அட்டை குடுக்கப்போறாங்க. இன்னார்னு அதுல இருக்கும். அதைக் காட்டினா ஒருத்தரும் கை வைக்க முடியாது. எஸ்.ஐ. என்கிட்ட வாக்குக் குடுத்திருக்காரு."

"யாரு எவருன்னு அட்டையில எப்படிடா போடுவீங்க? மூஞ்சிதான் ஒண்ணாப் போச்சே."

"அதுக்குத்தான்க்கா வந்தேன். முடிய வச்சே ஆளைக் கண்டுபிடிக்கிற ஆபீசு மெட்ராஸ்ல இருக்குது. பொதியில இருந்து ஆளுக்கு ஒரு சிமிட்டா போதும்."

செவந்தி ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தாள். பொதி அந்நியர் கைக்குப் போகக்கூடாது. ஆனால் தம்பி எப்படி அந்நியன் ஆவான்? "அட்டை வந்துட்டா மூஞ்சியும் திரும்பி வந்துடும்க்கா, யாருன்னு தெரிஞ்சபிறகு ஒரே மூஞ்சி எதுக்கு?" என்றான் அவன். அந்த ஒரு சொல்லில் அவள் விழுந்துவிட்டாள்.

மாரப்பன் காக்கியை நம்பாதவர். "காக்கிக்குள்ள போனவன் காக்கிதான், உன் தம்பின்னாலும் எட்டி வச்சே பேசு" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தார். அவர் இருந்திருந்தால் கேட்டிருக்க வேண்டும், அவர் இல்லை. அவள் கேட்கவேயில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி எங்களிடம் கேட்டாள், எங்கள் பிள்ளைதானே என்று நாங்களும் பொதியை அவிழ்த்தோம், என் கையாலேயே என் வீட்டுக்காரர் முடியை எடுத்துக் கொடுத்தேன். நாற்பத்தோரு சிமிட்டா. அதை அப்படியே கொடுத்திருக்கலாம், சுருண்டு கிடப்பதை இன்னொருவர் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை, தொழில்காரி புத்தி. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சிக்கெடுத்து, வேரெல்லாம் ஒரு பக்கம் வரும்படி கோத்து, காகிதத்தில் மடித்து, மேலே பேர் எழுதிக் கொடுத்தாள். மாரப்பனுடையதைக் கடைசியாகக் கோத்தாளாம், கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தாளாம்.

வைகாசியில் வக்கீல் ஒருவர் வீட்டில் பீரோ உடைந்தது. அடுத்த நாள் காலையில் மாரப்பன் முடிமூட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கினார், பஸ் ஸ்டாண்டிலேயே பேரைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள், வீட்டு வாசலை அவர் மிதிக்கவே இல்லை. களவு நடந்த நேரத்தில் தான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்ததாகவும் டிக்கெட் சட்டைப்பையில் இருப்பதாகவும் சொன்னார். ஸ்டேஷனில் பார்த்தபோது சட்டைப்பை இருந்தது, டிக்கெட் இல்லை. இந்த முறை யாரும் முகத்தைப் பற்றிப் பேசவில்லை. உடைந்த வீட்டின் சன்னல் கம்பியில் பதினோரு முடி சிக்கியிருந்தது என்றார்கள், மெட்ராஸுக்கு அனுப்பினோம் என்றார்கள், அது மாரப்பன் முடிதான் என்று காகிதம் வந்துவிட்டது என்றார்கள்.

செவந்தி குவார்ட்டர்ஸுக்கு ஓடினாள். இளவரசு வாசலிலேயே நின்று பேசினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அட்டை விஷயம் மேல போயிருக்குது. இது வேற."

"அந்த முடிய நீ பாத்தியாடா?"

"கவர்ல இருக்குதுக்கா. அதைத் தொடக்கூடாது."

அவன் கண் அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதும் அவள் நம்பினாள். ரத்தம் பேசும், கோர்ட்டில் வந்து சொல்வான் என்று எங்களிடம் வந்து சொன்னாள், நாங்களும் ஆமாம் என்றோம்.

வழக்கு எட்டு மாதம் நடந்தது, தையில் கடைசி வாய்தா. காலனியே கிளம்பிப் போய்க் கோர்ட் வராண்டாவில் நின்றோம், உள்ளே இடம் கிடைத்த பத்துப் பேரில் நானும் ஒருத்தி. மாரப்பன் சார்பில் அரசாங்கம் கொடுத்த சின்ன வயது வக்கீலம்மா செவந்தியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். கவரைப் பிரித்து வெள்ளைக் காகிதத்தில் அந்தப் பதினோரு முடியையும் அவள் முன்னால் வைத்தார்கள். செவந்தி பார்த்தாள். அனுமதி கேட்டு ஒன்றை எடுத்து உருட்டினாள். இன்னொன்றை எடுத்து உருட்டினாள். பதினோராவது வரைக்கும் உருட்டிவிட்டு, நிமிர்ந்து சொன்னாள்.

"ஐயா, இது கம்பியில சிக்கினது இல்லைங்க. கம்பியில சிக்கினா ஒண்ணு அங்க பாக்கும் ஒண்ணு இங்க பாக்கும். இது பதினொண்ணுக்கும் வேரு ஒரே பக்கம் இருக்குது. இது கோத்த முடிங்க. சீப்புல வந்து, பொதியில இருந்து, சிக்கெடுத்துக் கோத்தது. எங்க காலனிப் பொம்பளைங்க கையைத் தவிர வேற எந்தக் கைக்கும் இது வராதுங்க."

கோத்துக் கொடுத்தது தான்தான் என்பதை மட்டும், மாரப்பன் எதிரே நின்றதால், அவள் சொல்லவில்லை. அரசு வக்கீல் சிரித்தார். குற்றவாளியின் மனைவி விரலால் உருட்டிச் சொல்வதைச் சாட்சியமாக எடுக்க முடியுமா என்றார். நீதிபதி வயதானவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதைச் சரியா தப்பான்னு சொல்ல வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காருங்க" என்றாள் செவந்தி. "முடிய எடுத்தேன்னு கையெழுத்துப் போட்ட போலீஸ்காரரே இருக்காருங்க. அவரு என் தம்பிங்க. எங்கிட்டத்தான் கத்துக்கிட்டாருங்க."

இளவரசு கூண்டில் ஏறினான். நீதிபதி முடியை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அவன் எடுத்தான். நாங்கள் பத்துப் பேரும் அவன் வலதுகையையே பார்த்தோம், அவன் மனசு என்ன நினைத்ததோ தெரியாது, விரல் தானாக உருட்டியது, முடி தானாக நகர்ந்தது, அடுத்ததையும் எடுத்து உருட்டினான், மூன்றாவதுக்குப் போனபோதுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். கையை இறக்கிவிட்டான். எஸ்.ஐ. கடைசி பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உமக்கு இந்தத் தொழில் தெரியுமா?" என்றார் நீதிபதி.

"தெரியாதுங்க ஐயா."

"இந்த அம்மா சொல்றது?"

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க ஐயா."

செவந்தி அழவில்லை, திட்டவில்லை. நான்தான் திட்டினேன், என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். நாங்கள் ஊட்டின சோற்றை அந்தப் பயல் எந்த வாயால் தின்றானோ அதே வாயால் சொன்னான் என்று வராண்டாவில் நின்று கத்தினேன், இன்றைக்கும் கத்துவேன். அடித்தவனை எங்களுக்குத் தெரியும், அவனிடம் எதிர்பார்ப்பும் கிடையாது, அவன் அடி உடம்போடு போய்விடும். இது எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மாரப்பனுக்கு மூன்று வருஷம் போட்டார்கள். திருடன் கிடைத்துவிட்டான் என்று ஸ்டேஷனில் அந்தப் பழைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கேஸ் கட்டுக்குள் வைத்தார்கள், மறுநாள் காலையில் எங்கள் ஆண்கள் நாற்பது பேருக்கும் அவரவர் முகம் திரும்பி வந்துவிட்டது. யாரும் கொண்டாடவில்லை. குள்ளர்கள் குள்ளமானார்கள், லுங்கியைத் தூக்கிக் கட்டினார்கள், வாசலில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள், ஏனென்றால் இனி ஜீப்பில் வருகிறவர்களுக்கு இன்னார் என்று பார்த்ததும் தெரியும். அன்று மத்தியானம் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கூரையிலிருந்து பொதிகளை எடுத்து அடுப்பில் போட்டோம். காலனி முழுக்க முடி கருகிய நாற்றம் நாலு நாள் இருந்தது. செவந்தியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவள் தண்ணீர்க் குழாய்க்கு வந்தால் எங்கள் பேச்சு நின்றுவிடும், அது அவளுக்குத் தெரியும். கொடுத்தது நாங்களும்தான் என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் நின்றுவிடும்.

ஜெயிலில் மனுப் போட்டு மாரப்பனைப் பார்க்க அவள் கூப்பிட்டபோது வேறு யாரும் வராததால் நான் கூடப் போனேன். அதற்கு முன்னால் ஆறேழு தடவை மனு பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவது என்று போய்ச் சொல்லாமல் திரும்பியிருக்கிறாள். இரட்டை வலை, நடுவில் ஒரு முழம் இடைவெளி, வலைக்கு இந்தப் பக்கம் அறுபது பேர் கத்துகிறார்கள், அந்தப் பக்கம் அறுபது பேர் கத்துகிறார்கள். மாரப்பன் வந்தார். மற்ற எல்லோருக்கும் போய்விட்ட அந்த முகம் அவருக்கு மட்டும் இன்னும் அப்படியே இருந்தது, அகன்ற மூக்கு, தழும்பு, தேடுகிற கண்.

முதலில் மழை பெய்ததா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே கேட்டார், தாழ்த்தினால் கேட்காது.

"கோர்ட்டுல நீ சொன்னதையே நெனச்சுக்கிட்டு இருக்கிறேன் புள்ள. கோத்த முடின்னா நம்ம பொதியில இருந்து போயிருக்குது. யாரோ உள்ள பூந்து திருடியிருக்கா. கோப்பப் பாத்தாலே எந்தக் கையின்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லு, எவ அவ?"

செவந்தி வலையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தொட்டேன், சொல்லாதே என்றா சொல் என்றா, இன்றுவரை எனக்கே தெரியாது.

"நான்தான்யா."

"என்ன?"

"நான்தான் எடுத்தேன். நான்தான் கோத்தேன். உம் பேரை எழுதி எந்தம்பி கையில குடுத்தேன். அட்டை தருவாங்கன்னு சொன்னான். உன் மூஞ்சி திரும்பி வந்துடும்னு சொன்னான்."

அறுபது பேர் கத்துகிற சத்தத்துக்கு நடுவில் அந்த முகம் கலையத் தொடங்கியது. முதலில் மூக்கு இறங்கியது, உதடு மெலிந்தது, கன்னத்துத் தழும்பு ஈரத் தரையில் போட்ட கோலமாவு மாதிரி கரைந்தது, இடது புருவம் பாதியானது, கடைசியாகக் கண் வந்தது. இருபத்திரண்டு மாதம் அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி நினைவில் வைத்திருந்த மாரப்பனின் முகம் அவள் முன்னால் முழுசாக வந்து நின்றது. "வந்துடுச்சுய்யா, உன் மூஞ்சி வந்துடுச்சு" என்று அவள் கத்தினாள். கண்ணோரம் சுருங்குமா என்று பார்த்தாள்.

அந்த முகம் அவளைப் பார்த்தது, ஜீப்பிலிருந்து இறங்குகிறவர்களை எங்கள் ஆண்கள் பார்ப்பார்களே, அப்படி.